பொருந்தாதவை

“பண்பெண் முப்பத்தொன்று. இக்கற்றாழை ஏற்புடையதன்று. பொறுத்தருள்க” என்றது தோல்நெய்வி.

சாத்தூர் தீப்புண் மருத்துவமனையில் எல்லாரும் பேச்சுத் தமிழில்தான் பேசினார்கள். இயந்திரம் மட்டும் செந்தமிழில் மறுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடிவு படுத்திருந்தாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் விளக்கு வெடித்து முகமும் இரு கைகளும் வெந்திருந்தன. ஒரு வாரத்துக்குள் புதுத்தோல் போட வேண்டும். பிந்தினால் தழும்பு இறுகிவிடும். அப்புறம் எந்த வைத்தியமும் பலிக்காது.

கற்றாழைச் சோற்றில் நோயாளியின் உயிரணுக்களை வளர்த்துத் தோல் நெய்வது அந்த இயந்திரத்தின் வேலை. எந்தக் கற்றாழை என்று சொல்லக் கற்றாழை வாரியம் பண்பளவி என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. இலைத் தடிப்பு, சோற்றின் அளவு, பச்சையின் அழகு, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் பண்பெண். வறண்ட காட்டுச் செடிகளில் ஒன்று ஒல்லி, ஒன்று புள்ளி, ஒன்று வாயில் வைக்க முடியாத கசப்பு, ஒன்று பூக்கவே மறந்தது. இத்தனை ஒழுங்கீனத்தோடு ஒரு நாடு முன்னேற முடியுமா? நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே செடியின் நகல்களை மாவட்டம் மாவட்டமாக நட்டு, அதற்குச் ‘செம்மை’ என்று பெயரும் சூட்டினார்கள். மற்றதெல்லாம் களை. நோய் தாங்குமா என்பதற்கு மட்டும் மதிப்பெண் வைக்கவில்லை. அன்றைக்கு எந்தச் செடிக்கும் நோய் இல்லையே. போன மழையில் வேரழுகல் வந்தது. நட்டதெல்லாம் ஒரே செடி, அதனால் அழுகியதும் ஒரே மூச்சில்.

வடிவின் அம்மா சொர்ணம் கொண்டுவந்த செடி, கணவருக்குப் பதவி கிடைத்தபோது திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டியது. மண்ணைத் தொடாததால் அழுகல் அதை எட்டவில்லை.

“யாரு சொன்னா இந்த மிஷின் கேக்கும்?” என்றாள் கணவரிடம்.

“வாரியத் தலைவர் சொல்லணும்.”

“யாரு அது?”

“நான்தான்” என்றார் தவசிலிங்கம்.

“அப்ப சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?”

“தனியா சொல்ல முடியாது. குழு கூடணும். விதி.”

“அந்த விதிய எழுதுன மகராசன் யாரு?”

தவசிலிங்கம் கைப்பேசியை எடுத்துக் குழுவை அழைத்தார்.

குழு திரையில் கூடியது. வரவேற்புரை முடிந்ததும் ஞானப்பிரகாசம் என்ற உறுப்பினர் கவலைப்பட்டார்: “இன்னைக்கு முப்பத்தொண்ணுன்னா, நாளைக்கு எருக்கம்பாலக் கொண்டாந்து ஊத்துவாங்களே சார்.” மாலைக்குள் ஒருவழியாக இசைந்தார்கள். ஆனால் செடி சிறியது. சோறு முகத்துக்குப் போதும், அல்லது கைகளுக்குப் போதும்.

“கையப் பாருங்கப்பா” என்றாள் வடிவு. “மூஞ்சிய மத்தவங்கதான பாக்கப் போறாங்க.”

மறுநாள் காலை, கைகளில் தோல் பற்றிவிட்டதென்று டாக்டர் வந்து சொன்னார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து தவசிலிங்கம் அழுதார். கைப்பேசி அதிர்ந்தது. அழுகிய வயல்களைச் சுத்தம் செய்யும் களையகற்றி இயந்திரங்களிடமிருந்து செய்தி. ‘பொருந்தாதவை முளைத்துள்ளன. நீக்கலாமா?’ இத்தனை வருடமாகத் தினமும் வருகிற கேள்விதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே ‘ஆம்’ என்பதைத் தொட்டார். அதற்குப் பிறகுதான் வயலின் நேரடிப் படம் திறந்தது.

சொர்ணம் எட்டிப் பார்த்தாள். “இது என்னங்க, புள்ளி புள்ளியா? நம்ம வாசல்ல தொங்குனதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு.”

எப்போதோ பிடுங்கியபோது மண்ணுக்குள் அறுந்து நின்ற வேர்கள் துளிர்த்திருந்தன. சுற்றிலும் செம்மை கூழாகிக் கிடக்க, ஒல்லியும் புள்ளியும் வரிசை கலைத்துப் பச்சையாய் நின்றன. குழு பண்பெண்ணைத் தளர்த்தியது தோல்நெய்விக்கு மட்டும். வயலைப் பற்றி யாரும் பேசவில்லை, அவர் உட்பட. நிறுத்துவதற்கு எதைத் தொட வேண்டும் என்று தேடினார். அப்படி ஒன்றை வைக்கும் தேவை வாரியத்துக்கு வந்ததே இல்லை. சொர்ணம் கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கினாள். படத்தில் இப்போது வெறும் மண்.

உள்ளேயிருந்து வடிவு கூப்பிட்டாள். புது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள்.

“அப்பா, இன்னும் ரெண்டு நாள் டைம் இருக்காம். எங்கயாவது ஒரு செடி கெடைச்சா மூஞ்சிக்கும் போட்டுரலாம்னு டாக்டர் சொல்றாரு. தேடிப் பாக்குறீங்களா?”

“பாக்குறேம்மா” என்றார்.

சொர்ணம் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.