இறந்தவருக்கு ஒரு சபாஷ்

டிங்!

திங்கட்கிழமை காலை. கணினித் திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

'சபாஷ், கொமுரய்யா காரு! காலை மருந்தை எடுத்துவிட்டீர்கள்!'

நர்ஸ் ஸ்வரூபா தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள்.

ஏனென்றால்...

கொமுரய்யா அதே ஆஸ்பத்திரியின் பிணவறையில் படுத்திருந்தார். நேற்று மதியத்திலிருந்து!

ஹைதராபாத்தின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், ஆஸ்துமா பிரிவு இருக்கும் மாடியில், ஸ்வரூபாவுக்கு விநோதமான வேலை. நோயாளிகள் அவரவர் வீட்டில் இருப்பார்கள். அவர்களுடைய இன்ஹேலரின் தலையில் குட்டி மூடி ஒன்று மாட்டியிருக்கும். இன்ஹேலரை அமுக்கினால் மூடி செல்போனுக்குச் சொல்லும். செல்போன் ஸ்வரூபாவுக்குச் சொல்லும்.

அமுக்கினால் பச்சை. மறந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அவள் போன் போட்டுத் திட்டுவாள்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவர் இன்ஸ்பெக்டர் ஜங்கய்யா. வாயில் கிராம்பு. கண்ணில் தூக்கம்.

"நீங்கதானே கொமுரய்யாவுக்குப் போன்லயே வைத்தியம் பார்த்தவங்க?"

"வைத்தியம் டாக்டர் பார்ப்பாரு சார். மருந்து எடுக்கறாரான்னு நான் பார்ப்பேன்."

"எடுத்தாரா?"

"ரொம்ப நாளா ஒரு வேளைகூடத் தவறலை!"

"அப்புறம் ஏன் செத்தாரு?"

ஸ்வரூபா திரையை மட்டும் காட்டினாள்.

"சார்... இப்பக்கூட எடுத்தாரு."

ஜங்கய்யா படித்தார். மறுபடியும் படித்தார். கிராம்பைக் கடித்து நொறுக்கினார்.

"பிணவறைக்குப் போய் மூக்குல கை வெச்சுப் பார்த்துட்டு வந்துடவா?"

"சார்!"

"அப்ப அந்த டப்பாவை வேற யாரோ அமுக்கறாங்க. அவரோட தங்கச்சி ராஜவ்வா காலையிலயே ஸ்டேஷன்ல வந்து உட்கார்ந்துட்டா. 'அண்ணி டப்பாவுல விஷத்தைப் போட்டுட்டா'ன்னு ஒரே கத்தல். கிளம்புங்க மேடம். உங்களுக்குத்தான் அந்த டப்பாவோட பாஷை தெரியும்."

மலக்பேட்டை. மிளகாய் மண்டிக்குப் பின்னால் ஒரு சந்து. நேற்றைய போனாலு அம்மன் திருவிழா ஊர்வலத்தின் வேப்பிலை இன்னும் வாசல்களில் வாடிக் கிடந்தது. காற்றில் குங்கிலியப் புகையின் மிச்சம். மண்டியில் மூட்டை எடை போட்ட மனிதர் கொமுரய்யா. மிளகாய்த் தூளையே காற்றாக இழுத்து வாழ்ந்த நுரையீரல் அது.

ஒரு கான்ஸ்டபிளோடு ஸ்டேஷனிலிருந்து திரும்பியிருந்த ராஜவ்வா, வாசலில் கையை நீட்டிக் கத்தினாள்.

"இவதான் சார்! சாயங்காலமே தூக்கு மேடைக்கு அனுப்புங்க!"

"இன்னைக்கு முகூர்த்தம் இல்லம்மா. கொஞ்சம் வழி விடு."

உள்ளே அனசூயா. கொமுரய்யாவின் மனைவி. சுவரோரம் குந்தியிருந்தாள். அவள் மடியில் செல்போன்.

கையில்... இன்ஹேலர்!

"அதைக் கீழே வைம்மா!"

வைத்தாள். ஜங்கய்யா அதைக் கைக்குட்டையில் எடுத்தார்.

"இன்னைக்குக் காலையில இதை அமுக்கினது யாரு?"

"நான்தான் சார்."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா! தடயத்தை அழிக்கிறா!" ராஜவ்வா பாய்ந்தாள். கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கும்மா அமுக்கினே? மருந்தை இழுக்க அவர் இல்லையே?"

"போன் கத்திச்சு சார்..." அனசூயாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "மருந்து நேரமானா கத்தும். அமுக்கற வரைக்கும் வாயை மூடாது. சாவு வீட்டுல கத்திக்கிட்டே இருந்தா... நல்லாவா இருக்கும்? ரெண்டு அமுக்கு அமுக்கினேன். அடங்கிடுச்சு. தினமும் அப்படித்தானே அடக்கறேன்..."

"தினமுமா?!"

ஸ்வரூபா அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"அனசூயாம்மா... தினமும் அவர் வாயிலதானே அமுக்கினீங்க?"

"இல்லம்மா. ஜன்னலைப் பார்த்து."

"ஐயோ... ஏன்?!"

"போன மாசம் மிருகசிரா அன்னைக்கு, வருஷா வருஷம் இழுப்புக்குக் குடுப்பாங்களே, அந்த மீன் மருந்தை முழுங்கினாரும்மா. உசிரோட விரால் குஞ்சு. தொண்டையில துள்ளிக்கிட்டே இறங்கிச்சாம். மறுநாளே 'மூச்சு லேசா இருக்கு, இனிமே எனக்கு டப்பா எதுக்கு'ன்னுட்டாரு."

"அங்க டப்பாவை நிறுத்தச் சொன்னாங்களா?" ஜங்கய்யா கேட்டார். "சின்ன வயசுல நானும் முழுங்கியிருக்கேன். என்கிட்ட யாரும் அப்படிச் சொல்லலையே?"

"யாரும் சொல்லலை சார். அவரே அவருக்குச் சொல்லிக்கிட்டாரு. ஆனா மருந்து தவறினா இந்தப் பொண்ணு போன் போட்டுத் திட்டும். 'பாவம், அது மனசு ஏன் நோகணும்? ரெண்டு வேளையும் நீ அமுக்கிடு அனசூயா, பச்சை எரிஞ்சா அது சந்தோஷப்படும்'னாரு. நானும் அமுக்கினேன்."

ஸ்வரூபா சந்தோஷப்பட்டிருந்தாள். உண்மைதான். ஒவ்வொரு பச்சைக்கும்!

"இது யார் வாயில போகுதுன்னு இந்த மூடிக்குத் தெரியாதா மேடம்?" ஜங்கய்யா முணுமுணுத்தார்.

"தெரியாது சார். அமுக்கினது மட்டும்தான் தெரியும்."

"அப்ப இது எங்க ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி. வந்தவன் யாருன்னு பார்க்க மாட்டான். கையெழுத்து விழுந்தா போதும்."

அவர் இன்ஹேலரை ஜன்னலை நோக்கி அமுக்கினார்.

டிக்.

ஒன்றும் வரவில்லை. இன்னொரு டிக். புகை இல்லை. புஸ் என்ற சத்தம்கூட இல்லை.

"மேடம்... இதுல விஷமும் இல்ல. மருந்தும் இல்ல!"

ஸ்வரூபா வாங்கிப் பார்த்தாள். முதுகிலிருந்த சின்னக் கண்ணாடியில் ஒரு பூஜ்யம் அவளை வெறித்தது.

"காலி... காலியாகிப் பல நாளாச்சு சார்! கொமுரய்யாவுக்கு டாக்டர் ஒரே டப்பாதான் எழுதியிருந்தாரு. தினமும் இழுக்கறதுக்கும் இதுதான். மூச்சு முட்டற நேரத்துல காப்பாத்தறதுக்கும் இதேதான்!"

ஜங்கய்யாவுக்குப் புரிந்தது. அனசூயாவுக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. அவள் முகத்தில் அது நேற்றிலிருந்தே எழுதியிருந்தது.

"நேத்து தெருவெல்லாம் குங்கிலியப் புகை..." அவளாகவே பேசினாள். "அவருக்கு இழுப்பு வந்துச்சு. 'டப்பா... டப்பா...'ன்னாரு. ஓடிப்போய்க் குடுத்தேன். அமுக்கினாரு. டிக்குன்னுச்சு. குலுக்கி அமுக்கினாரு. மறுபடி டிக். என்னை ஒரு பார்வை பார்த்தாரு சார்... நான் என்ன செய்வேன்? அத்தனை மருந்தையும் நான்தானே ஜன்னலுக்குக் குடுத்துட்டேன்!"

ராஜவ்வா கத்துவதை நிறுத்தியிருந்தாள்.

"தெருமுனையில ஊர்வலம். ஆம்புலன்ஸ் உள்ள வர முடியலை. நாலு பேர் கட்டிலோட தூக்கினாங்க. அப்பவும் அவர் அமுக்கிக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு அமுக்குக்கும் இந்தப் போன்... சபாஷ்... சபாஷ்னுச்சு சார்..."

"டப்பா தீருதுன்னு போன் சொல்லியிருக்குமே அம்மா!" ஸ்வரூபா கேட்டாள்.

"அது எத்தனையோ சொல்லும். பாதி இங்கிலீஷ்ல சொல்லும். பச்சைன்னா நல்லதுன்னு நீதானம்மா சொல்லிக்குடுத்தே?"

ஸ்வரூபா தலை குனிந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"சார்! அத்தனை தடவை அமுக்கினா எங்க திரையில அபாய மணி அடிக்குமே!"

"அடிச்சிருக்கும். கேட்டது யாரு?"

"நேத்து ஞாயித்துக்கிழமை... எங்க பிரிவுக்கு லீவு."

"இந்தத் தகவலை ஆஸ்துமாவுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு."

அனசூயா எழுந்து வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மாட்டுங்க சார். நான்தான் கொன்னேன்."

ஜங்கய்யா அந்தக் கைகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கொலைகாரர்களைப் பிடித்தவருக்கு இப்போது பிடிக்க யாருமே கிடைக்கவில்லை!

"எந்தப் பிரிவுல மாட்டச் சொல்ற? புருஷன் சொன்னதைக் கேட்டதுக்கா?"

"அப்ப யாருதான் சார் எங்க அண்ணனைக் கொன்னது?" ராஜவ்வா கேட்டாள். சண்டை வடிந்துபோன, குழந்தைக் குரலில்.

"விரால் மீன் வயித்துக்குள்ள தலைமறைவு. போனுக்கு விலங்கு மாட்ட மணிக்கட்டு இல்ல. பாக்கி இருக்கறவங்க எல்லாருமே நல்லவங்கம்மா. அதான் பிரச்சினை."

ராஜவ்வா மெல்ல நகர்ந்து அண்ணியின் தோளைப் பற்றிக்கொண்டாள். அனசூயா நீட்டிய கைகளை மடக்க மறந்து நின்றாள்.

அப்போது ஸ்வரூபாவின் போன் அலறியது. ஆஸ்பத்திரி இயக்குநர்! அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஸ்வரூபா! எங்கம்மா இருக்கே? நல்ல சேதி! இந்த மாசம் யாரு ஒழுங்கா மருந்து எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுடுச்சு. நூத்துக்கு நூறு பச்சை! யாரோ கொமுரய்யாவாம். வெள்ளிக்கிழமை விழாவுல பொன்னாடை போர்த்தறோம். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அவரைக் கையோட கூட்டிட்டு வந்துடு!"

ஸ்வரூபா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். உதவி கேட்பவளைப் போல இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

ஜங்கய்யா தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"பொன்னாடையை மட்டும் அனுப்பச் சொல்லுங்க மேடம். போர்த்திக்க ஆள் தயாராப் படுத்திருக்கார்."