அரை நொடிக்கு முன்னால்

மகள் "அப்பா" என்று சொல்வதற்கு அரை நொடி முன்னாலேயே யாரோ "அப்பா" என்று சொன்னார்கள்.

முதல் தடவை கேட்டபோது அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை நேரத்துப் பஸ், ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு, முன் சீட்டில் யாரோ போனில் சண்டை போடும் சத்தம், இவற்றுக்கு நடுவே காதில் செருகிய சின்ன ஹெட்ஃபோனில் மகள் அனுப்பிய குரல் செய்தி. இரைச்சலில் ஏதோ எதிரொலி என்று நினைத்தான். இறங்கி நடக்கும்போது மறுபடி போட்டுக் கேட்டான். எதிரொலி என்றால் பின்னால் வரும். இது முன்னால் வந்தது.

அவன் டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளன். வேற்றுமொழி கார்ட்டூன்களுக்கும் தொடர்களுக்கும் நம் மொழியில் குரல் ஏற்றுகிற இடம். பதினாறு வருடமாக ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர்களின் எச்சில் சத்தம், நாற்காலி முனகல், சட்டைப்பை சாவிக்கொத்து என்று வேண்டாத எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து வெட்டுவதுதான் வேலை. கூட வேலை செய்பவர்கள் 'பாம்புச் செவி' என்பார்கள். "பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலும் எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிடும்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மகளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். பன்னிரண்டு வயது. பல் தேய்க்கும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறு நாள் சுற்றுலாவாக ஒரு பாலைவன நாட்டுக்கு அழைத்துப் போனார்கள். பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். அவனுக்கு இஷ்டமில்லை. "நாலு இடம் பாக்கட்டுமே, பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று மனைவிதான் மல்லுக்கட்டி அவனிடம் கையெழுத்து வாங்கினாள்.

ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்ததும் அந்தச் செய்தியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

"அப்பா, இங்க எங்க பாத்தாலும் மணல்ப்பா. நேத்து ஒரு பழைய ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வீடெல்லாம் பாதி மணலுக்குள்ள போயிடுச்சு. ஜன்னல் வழியாத்தான் உள்ள போகணும். நான் மட்டும் ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பாத்தேன்ப்பா."

திரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மேடு எழுந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால், எறும்பு ஊர்ந்த தடம் போல, ஒரு சின்ன நெளிவு. சத்தத்தைக் கூட்டினான். கிசுகிசுப்பாக, மிகத் தொலைவில், அதே சொற்கள். *மணல்ப்பா*. மணல்ப்பா. *ஜன்னல்*. ஜன்னல்.

அன்று ஒரு கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுக்க வந்திருந்தவர் அவன் பின்னால் நின்று கேட்டார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கரடி அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"பிராம்ப்ட் பண்றாங்கப்பா" என்றார். "படிக்கத் தெரியாதவனுக்கு நாம வசனத்தைக் காதுல சொல்லிக் குடுப்போம்ல, அந்த மாதிரி. டீச்சர் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல, பாப்பா பேசுது."

"என் பொண்ணுக்கா? அவளுக்குப் பேசச் சொல்லித் தரணுமா?"

கரடி அண்ணன் சிரித்தார். ஆனால் மறுபடி ஒருமுறை போடச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவும் இல்லை.

மதியம், பிள்ளைகளோடு போயிருந்த அறிவியல் டீச்சருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"கவலையே படாதீங்க சார். நல்லா சாப்பிடறா, நேரத்துக்குத் தூங்கறா. வந்த அன்னிக்குத்தான் ஒரே தொணதொணப்பு. இப்ப அப்படியே அடங்கி, சமத்தா ஆயிட்டா. மத்தவங்க பேசறப்ப வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இருங்க, குடுக்கறேன்."

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு, "அப்பா."

"என்னம்மா பண்றே? என்ன சாப்பிட்டே?"

காற்று. ஒரு இடைவெளி. யாரோ எங்கிருந்தோ சொல்லி அனுப்பக் காத்திருப்பது போல.

"ரொட்டி சாப்பிட்டேன்ப்பா."

அவள் குரல்தான். அப்பழுக்கில்லாமல் அவள் குரல்தான்.

நாலாம் நாள் வந்த செய்தியில் ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏசியின் உறுமலும் தன் ரத்தம் காதுக்குள் இடிப்பதும் தவிர வேறெதுவும் இல்லாத இருட்டில், ஒரு முறை, பத்து முறை, நாற்பது முறை. ஏதோ இல்லை. இருக்க வேண்டிய ஏதோ ஒன்று அதில் இல்லை. பதினாறு வருடமாக வெட்டி வெட்டிக் குப்பையில் போட்ட ஏதோ ஒன்று.

மூச்சு.

கிட்டத்தில் கேட்ட குரலில் மூச்சே இல்லை. ஒரு வாக்கியம் முடிந்து இன்னொன்று தொடங்கும்போது எவரும் இழுக்கிற மூச்சு, சிரித்து முடித்தபின் வாங்குகிற மூச்சு, எதுவும் இல்லை. வெட்டி எடுத்த தடமும் இல்லை.

சிரிப்பு முடிந்த அந்த வெற்றிடத்தில் சத்தத்தை முழுவதுமாக ஏற்றினான். தொலைவிலிருந்த கிசுகிசுப்பு மூச்சு வாங்கியது. சளி பிடித்த மூக்கோடு, இரண்டு இழுப்பாக, நடுவில் ஒரு சின்ன விக்கலோடு. பிறந்த அன்றிலிருந்து அவன் மார்பில் படுத்துத் தூங்கிய மூச்சு.

முன்னால் வருகிற குரல்தான் அவன் மகள். பின்னால் வருவது அவளிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தது.

முதல் செய்தியிலிருந்து இன்றைய செய்தி வரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். முன்னால் வருகிற நெளிவு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது.

அவள் தூரம் போய்க்கொண்டிருந்தாள்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். எதையும் இரண்டாம் முறை சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். அவள் வேலை செய்யும் இடத்துக்கே ஓடி, ஸ்பிரிட் வாடை அடிக்கும் நடைபாதையில் நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டான். பொறுமையாகக் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

"காத்து சத்தம்தாங்க கேக்குது."

"அதுக்குள்ள கேளு. அவ மூச்சு கேக்கலையா?"

"நீங்க எத்தனை நாளா சரியா தூங்கலே?" அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை இதமாக இருந்தது. "நாளை மறுநாள் வந்துடப் போறா. வந்து நம்ம காதைத் தின்னப் போறா. பேசாம வீட்டுக்குப் போய்ப் படுங்க."

டிராவல்ஸில் விசாரித்தான். விசா கிடைக்கப் பத்து நாள் என்றார்கள். பள்ளி அலுவலகத்தில் என்ன புகார் என்று கேட்டார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? இல்லை. யாராவது அடித்தார்களா? இல்லை. எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனாவைப் பிடித்திருந்த பெண் அதைக் கீழே வைத்தாள்.

கடைசிச் செய்தி ஏர்போர்ட்டிலிருந்து வந்தது.

"அப்பா, பிளேன் ஏறப் போறோம். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அவ்வளவுதான். இந்த முறை சொற்களுக்கு முன்னால் நெளிவு இல்லை. எவரும் சொல்லித் தரவில்லை. அவன் விடவில்லை. அறிவிப்புகள், தள்ளுவண்டிச் சக்கரங்கள், யாரோ இருமுவது, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனான். எல்லாவற்றுக்கும் அடியில், நூல் போல.

*அப்பா. பஸ் போயிடுச்சு. நான் ஏறலப்பா.*

மறுநாள் காலை, கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், கண்ணாடிக் கதவைத் தாண்டிப் பிள்ளைகள் வந்தார்கள். அறிவியல் டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது. ஒன்றும் குறையவில்லை. மகள் நேராக வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதே பின்னல், அதே கோணல் பல், முழங்காலில் அதே பழைய தழும்பு.

"டீச்சர், அந்தப் பழைய ஊர்லேருந்து எல்லாப் பிள்ளைங்களும் திரும்பி வந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் அவன்.

டீச்சர் அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதோ உங்க பொண்ணு, சார்" என்றார் மெதுவாக.

ஆமாம். இதோ. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பினான். காணாமல் போன பிள்ளையைத் தேடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை யார் போய்த் தேடுவார்கள்?

நாலு நாள். ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் நிறைந்த வீட்டில் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் எதுவும் பிடிபடவில்லை. மகள் கேட்டால் பதில் சொன்னாள். அழகாகச் சொன்னாள். மற்ற நேரமெல்லாம் அம்மாவின் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்து, "இன்னும் பேசும்மா" என்பாள். அம்மாவும் பூரித்துப்போய் வேலை, கடை, கல்யாணமான புதிது என்று கதை கதையாகப் பேசுவாள். அவன் பக்கத்து அறையில் கதவோரம் நின்று, மகள் எப்போது வாயைத் திறப்பாள் என்று மட்டும் காத்துக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ பூட்டியிருக்கும். சாவி அவனிடம் இருந்தது. "ரேடியோவை நிஜமாவே ரெக்கார்ட் பண்ணிப் பாப்போமா?" என்று விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டான். மகள் தலையாட்டினாள். மனைவி தானும் வருகிறேன் என்றாள். வழியெல்லாம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இருவரையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தான். தடித்த கதவு மூடிக்கொண்டது. வெளியுலகம் துடைத்தெடுத்தது போல நின்றுபோனது. ஹெட்ஃபோனை மாட்டினான். அந்தப் பக்கத்தோடு பேசும் பட்டனை அழுத்தினான்.

"பேரைச் சொல்லும்மா."

மகள் பேரைச் சொன்னாள். வகுப்பைச் சொன்னாள். மூச்சில்லாமல்.

"போதும். இப்ப பேசாம, வாயை மட்டும் திறந்து வெச்சுக்கோ."

அவள் தயங்கவில்லை. இதற்காகத்தான் வந்தது போல, மைக்குக்கு நேராக நிமிர்ந்து, வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை. உதடு அசையவில்லை.

சத்தத்தைக் கூட்டினான். இன்னும். முழுவதும்.

காற்று.

அந்தத் திறந்த வாய்க்குள்ளிருந்து, பரந்த வெட்டவெளியில் தடுக்க ஒன்றுமில்லாமல் ஓடுகிற காற்று. மணல் மணலோடு உராய்ந்தது. அதற்கும் அப்பால், அழுது அழுது தொண்டை கட்டிய ஒரு குழந்தையின் மூச்சு. இரண்டு இழுப்பு. ஒரு விக்கல்.

பட்டனை அழுத்தினான். "ரேடியோ... கண்ணு... அப்பா பேசறேன். கேக்குதா?"

மூச்சு நின்றது.

*அம்மா!* கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் உதடுகள் அசையவே இல்லை. *அம்மா, எழுந்திரும்மா! அப்பா பேசறாரும்மா!*

அவனுக்குப் புரியவில்லை. ஒரு கணம் புரியவில்லை.

*எங்கங்க இருக்கீங்க?* இன்னொரு குரல். பெண் குரல். மணலில் தடுமாறி எழுந்து நிற்கிற மூச்சிரைப்போடு. *நேத்து ராத்திரி படுத்தேன்ங்க. கண்ணு முழிச்சா இங்க இருக்கேன். பாப்பா இங்கதான் இருக்கா. எந்தப் பக்கம் நடக்கணும்னு தெரியலீங்க.*

நாலு நாளாக மகளின் குரலையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தவன், மனைவி பேசியதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. காலையில் பேசினாள். வழியெல்லாம் பேசினாள். சிரித்தாள். மூச்சு வாங்கினாளா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மனைவி தன் நாற்காலியை மெல்ல மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

பிறகு அவளும் வாயைத் திறந்தாள்.

காற்று இரண்டு மடங்கானது. இரண்டு கறுத்த வாய்கள், இமைக்காத நான்கு கண்கள், அவனையே பார்த்தபடி. காதுக்குள் அவர்கள் இருவரும் மாறி மாறி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே, தவறான திசையில், தூரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.