பிள்ளைகள் காட்டிய இடம்

காலை ஒன்பது மணிக்கு எங்கள் வேன் அந்தப் பழைய அரங்கின் பின்வாசலில் நின்றது. உள்ளே, ஈரத்துணியைப் பல நாள் மூடிவைத்துத் திறந்தது போல ஒரு வாடை. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இந்தப் பொடிசுங்களுக்கு இது போதும்க்கா."

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் போடும் குழு எங்களுடையது. நான் கரடி, அவன் ராஜா. பன்னிரண்டு வருடமாக அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, தான் பெரிய மேடைகளில் நிற்க வேண்டியவன் என்று சொல்லித் திரிந்தான். எந்தப் பெரிய மேடையும் அவனைக் கூப்பிடவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே கோணல்.

பத்தரைக்கு முந்நூறு பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள். தம்பி திரையை விலக்கிப் பார்த்தான்.

"மூக்கொழுகிக் கூட்டம்."

மைக் போட்டிருந்தது. முன்வரிசை டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். இவன் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

நாடகத்தில் ஓர் இடம் உண்டு. ராஜா, "கரடி எங்கே?" என்று கேட்பான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கி வருவேன். பிள்ளைகள் "பின்னாடி, பின்னாடி" என்று கூரை அதிரக் கத்துவார்கள். அன்று கரடி உடையின் ஜிப் சிக்கிக்கொண்டது. நான் பக்கத்திரைக்குள் நின்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்டுவிட்டான்.

யாரும் கத்தவில்லை.

முந்நூறு கைகள் மட்டும் உயர்ந்தன. அவனுக்கு இடப்பக்கம், இரண்டடி தள்ளி, வெறும் மேடைப் பலகையைக் காட்டின.

"அங்க ஒண்ணுமில்ல, மக்குங்களா," என்று சிரித்தான்.

விரல்கள் நகர்ந்தன. எல்லாம் ஒரே வேகத்தில், மெதுவாக. அவன் முதுகைச் சுற்றி வலப்பக்கம் வந்து நின்றன.

ஈரவாடை பக்கத்திரைக்குள் வந்தது.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தணிந்த குரலில் சொன்னாள்: "மாமா, அந்தம்மா உங்க காதுல ஏதோ சொல்றாங்க."

தம்பிக்கு வசனம் வரவில்லை. தலையைச் சாய்த்தான்.

வெகுநேரம் கேட்டான்.

பாதிக் கரடியாக ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினேன். அவன் கழுத்தெல்லாம் வியர்வை.

"என்னடா கேட்டுச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. இதுங்களுக்கு நாடகம் பார்க்கத் தெரியுமா என்ன?"

நாடகம் பார்த்த பிள்ளைகள் வரைந்த படங்களைப் பள்ளிகள் அனுப்பிவைப்பது வழக்கம். அந்தப் பள்ளியின் கட்டு ஒரு வாரத்தில் வந்தது. எல்லாப் படத்திலும் ராஜாவுக்குப் பின்னால் முடி விரித்த உயரமான பெண். வாய் அவன் காதில்.

"கிறுக்கல்," என்று கிழித்துப் போட்டான்.

அடுத்து வேறு ஊர், வேறு அரங்கு. அங்கிருந்து வந்த படங்களில் அவள் கைகள் அவன் தோளில் இருந்தன. அதற்கடுத்த கட்டில் கழுத்தைச் சுற்றி இருந்தன.

"கொஞ்ச நாள் நிறுத்திடலாம்டா," என்றேன்.

"நான் இல்லேன்னா உன் கரடியை எவன் பார்ப்பான்க்கா?"

பிறகு அவன் நன்றாக நடிக்கத் தொடங்கினான். பிள்ளைகள் முன் மண்டியிட்டான். ஒழுகிய மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். டீச்சர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நான் அவன் பக்கத்தில் உட்காரப் பயந்தேன்.

நேற்று வந்த கட்டைத் தனியாகப் பிரித்தேன். நாற்பது படங்கள். எல்லாவற்றிலும் கரடி இருந்தது. ராஜா ஒன்றிலும் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள், கிரீடத்தோடு.

என் தோளருகே மூச்சு பட்டது. தம்பி குனிந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு படத்தில் விரலை வைத்து, பழகாதவர்களிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டான்.

"இந்தக் கரடி நீங்கதானாம்மா?"