அட்டையில் ஏறாத வாக்கியம்

மழை மட்டும் என்றால் அவன் வாசலிலேயே நின்றிருப்பான். ஒரு சொல்தான் அவனை உள்ளே இழுத்தது.

"இந்த வெட்டு கொஞ்சம் எட்ஜியா இருக்கும். வீட்ல ரெண்டு பேராவது முகத்தைச் சுளிப்பாங்க. பரவாயில்லையா?"

முடி திருத்தும் கடையின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பெண்ணின் குரல். அவன் சட்டைப் பையிலிருந்து வெள்ளை அட்டையையும் பேனாவையும் எடுத்தான். 'எட்ஜியா இருக்கும்' என்று எழுதும்போதே கூரை விளிம்பிலிருந்து ஒரு பெரிய துளி விழுந்து மை கலைந்தது. நான்கு மாதமாகத் தேடிய வாக்கியம்... கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"இப்போ நீங்க சொன்னதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

நாற்காலியில் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பின்னால் கத்தரியுடன் நின்றவள் திரும்பவில்லை. எதிரே இருந்த கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன. பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தால் பார்த்ததுதான்... நகராத கண்கள்.

"நீங்க யாரு? இந்தப் பொண்ணோட அப்பாவா?"

"எனக்கு முப்பத்திமூணு வயசுதான் ஆகுது."

"உங்க முடி அப்படிச் சொல்லலையே."

கல்லூரிப் பெண் சிரித்துவிட்டாள். அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். தோள்வரை தொங்கும் ஈர முடி, கன்னத்தை மூடிய தாடி, கையில் மை வழியும் அட்டை. அவள் சொன்னதில் தப்பில்லை.

தன் வேலையைச் சொன்னான். தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி தயாராகிறது. அவன் அங்கே உதவி ஆசிரியன். அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. யாராவது நிஜமாகவே பேசியிருக்க வேண்டும். இல்லை என்றால் அச்சில் வந்திருக்க வேண்டும். என்ன வாக்கியம், சொன்னவர் என்ன தொழில், யாரிடம் சொன்னார், எந்தச் சூழலில் என்று அங்கேயே அட்டையில் எழுதிவிட வேண்டும்.

"ஒரு சொல்லுக்கா மழையில நனைஞ்சீங்க?"

"ரெண்டு பொருளுக்கு. ஒண்ணு, துணிச்சலான புதுப் பாணி. நீங்க சொன்னது. இன்னொண்ணு, நிம்மதியில்லாத படபடப்பு. அதுக்குப் பத்திரிகையில வந்த ரெண்டு வறட்டு வாக்கியம்தான் இருக்கு."

அவள் கத்தரியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "ரெண்டும் வேற வேறன்னு யார் சொன்னது? இந்த நாற்காலியில புதுசா வெட்டிக்க உட்கார்ற ஒவ்வொருத்தருக்கும் உள்ளே படபடன்னுதான் இருக்கும். வெளியே பாணி, உள்ளே படபடப்பு. ஒரே ஆள்தான்."

அவன் எழுத மறந்து நின்றான். மூன்று அகராதிகள் ஐந்து வரியில் சுற்றிவளைத்ததை இவள் கத்தரியைச் சுழற்றிக்கொண்டே சொல்லிவிட்டாளே...

"வாக்கியம் இலவசமா கிடையாது. உட்காருங்க, அடுத்து உங்க தலைதான்" என்றாள்.

கல்லூரிப் பெண் எழுந்து போனதும் உட்கார்ந்தான். அவள் விரல்கள் அவன் தலைக்குள் நுழைந்தன. இரண்டு வருடமாக யாரும் தொடாத தலை. உடம்பு முழுக்க ஏதோ ஒன்று எழுந்து நின்றது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்தா கண்ணாடியில இருக்கறது யாருன்னு நீங்களே கேப்பீங்க. வாரம் ரெண்டு விரல் அளவு எடுக்கறேன். இன்னையோட சேர்த்து நாலு சனிக்கிழமை வாங்க."

"நாலு தவணையில முடி வெட்டிக்கிற முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார் பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர். அவளுடைய அண்ணன். கடை இருவருக்கும் பொது. பேச்சு மட்டும் முக்கால்வாசி அவருடையது.

இரண்டாவது சனிக்கிழமை அவளே கேட்டாள். "இவ்வளவு நாள் ஏன் வெட்டாம விட்டீங்க?"

"என் மனைவிதான் வெட்டிவிடுவாங்க. வீட்லயே, ஜன்னல் பக்கத்துல. ரெண்டு வருஷம் முன்னால காய்ச்சல்ல போயிட்டாங்க."

அவன் எப்போதும் அவ்வளவுதான் சொல்வான். கேட்பவர்கள் உடனே உச்சுக் கொட்டுவார்கள். இவள் கொட்டவில்லை. கத்தரி நின்றது.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிப்பாங்க?"

"இடது காதுல இருந்து."

"அப்போ நான் வலதுல இருந்து ஆரம்பிக்கிறேன்."

அவ்வளவுதான். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றாள். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. அன்று வீடுவரை நடந்தே போனான். வழியில் ஒரு மரம், ஒரு பேருந்து, யாரோ உலர்த்திய நீலப் போர்வை... எல்லாம் புதிதாகக் கழுவி வைத்தது போல இருந்தன. எதையும் பார்க்காமல் இரண்டு வருடம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறான்.

மூன்றாவது சனிக்கிழமை அவனுக்குக் காது கிடைத்தது. "அட, கழுத்துகூட இருக்கு உங்களுக்கு" என்றாள். அண்ணன் அவனை 'அகராதி சார்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

நான்காவது சனிக்கிழமைதான் கடைசி. அன்று அவள் வழக்கம்போல் பேசவில்லை. தாடியை ஒதுக்கினாள். பிடரியைச் சரிசெய்தாள். வேலை முடிந்த பிறகும் சீப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அண்ணன் தண்ணீர் பிடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, கண்ணாடியைப் பார்க்காமல், அவன் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க வர்ற சனிக்கிழமைன்னா... காலையில கடை திறக்கும்போதே எட்ஜியா இருக்கு எனக்கு."

அவன் முகம் மலர்ந்தது.

பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தான்.

"ஒரு நிமிஷம்... 'கடை திறக்கும்போதே'ன்னு சொன்னீங்களா, 'திறக்கறப்பவே'ன்னு சொன்னீங்களா?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடியில் அவள் முகம் மெல்லச் சிவந்தது. கன்னத்தில் தொடங்கி, காதில் ஏறி, பிறகு வடிந்துபோனது. அவன் எழுதுவதில் மும்முரமாக இருந்தான். படபடப்புக்கு உயிருள்ள ஒரு வாக்கியம், அதுவும் வாயிலிருந்து வந்த சூட்டோடு.

"எழுதியாச்சா?"

"ஆச்சு. ரொம்ப நன்றிங்க."

"அப்போ எழுந்திருங்க. வேலை முடிஞ்சுது. இனிமே நீங்க வர வேண்டியதில்ல."

ஏன் குரல் அப்படி இருந்தது என்று யோசித்தபடி அவன் வெளியே வந்தான். வீடு போய்ச் சேரும்வரை விடை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அகராதி அலுவலகத்தின் தலைமை ஆசிரியரம்மா எல்லாருடைய அட்டைகளையும் உரக்கப் படித்துப் பார்ப்பார். அதுவும் அங்கே ஒரு சட்டம். வாக்கியம் உயிரோடு இருக்கிறதா என்பது காதுக்குத்தான் தெரியுமாம்.

"'நீங்க வர்ற சனிக்கிழமைன்னா காலையில கடை திறக்கும்போதே எட்ஜியா இருக்கு எனக்கு.' பிரமாதம். படபடப்புக்கு இதைவிட நல்லது கிடைக்காது. சொன்னது யாரு?"

"முடி திருத்துறவங்க, மேடம்."

"யார்கிட்ட?"

"வாடிக்கையாளர்கிட்ட. எழுதியிருக்கேனே."

"எந்த வாடிக்கையாளர்?"

அவன் கை புதிதாக வெட்டிய பிடரிக்குப் போனது.

"நான்தான்."

ஆசிரியரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"சரியா எழுதணுமேன்னு... 'திறக்கும்போதே'வா, 'திறக்கறப்பவே'வான்னு கேட்டேன்."

பிழை திருத்துபவர் பக்கத்து மேசையில் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"இந்த நாற்காலியில பதினெட்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன். இப்படி ஒரு வேலைக்காரனையும் பார்த்ததில்ல, இப்படி ஒரு மடையனையும் பார்த்ததில்ல. ரெண்டும் ஒரே ஆளா வந்து நிக்குது" என்றார் ஆசிரியரம்மா.

அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். தன் கையெழுத்துதான். ஆனால் அந்த வாக்கியத்தை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான். நீங்க வர்ற சனிக்கிழமை... அந்த 'நீங்க' அவன். உலகத்தில் ஒருத்தி காலையில் கடைக் கதவைத் திறக்கும்போது, அவன் வருவான் என்பதற்காக அவள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்காக. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

கடைசிச் சனிக்கிழமை என்பதால்தான் சொல்லியிருக்கிறாள். அதையும் கெடுத்தாகிவிட்டது.

"மேடம், இந்த அட்டை வேண்டாம்."

"வேற வாக்கியம் இருக்கா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

"இல்ல. பத்திரிகையில வந்ததே போகட்டும்."

"அது செத்த வாக்கியம்."

"தெரியும். ஆனா இது அகராதிக்குச் சொன்னது இல்ல மேடம்."

ஆசிரியரம்மா தன் பட்டியலில் ஒரு வரியை அடித்தார். உயிருள்ள ஒரு வாக்கியத்தை அவர் கைவிட்டதை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. "அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார், நிமிராமலே.

மதியம் கடையில் கூட்டமில்லை. தபால்காரர் ஒருவர் அண்ணனிடம் சவரம் செய்துகொள்ளக் காத்திருந்தார். அவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்ன அகராதி சார், இன்னைக்கு திங்கள். தலையில எடுக்க ஒண்ணும் பாக்கி இல்லையே" என்றார் அண்ணன்.

"கொஞ்சம்... பேசணும்."

"அண்ணா, அவரை நீயே பார்த்துக்கோ. எனக்கு அடுத்த ஆள் இருக்கு" என்றாள் அவள். அவளுக்கு அடுத்த ஆள் என்று யாருமே இல்லை.

அண்ணன் அவனை உட்கார வைத்தார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். கைகள் இரண்டும் துணிக்குள் போய்விட்டன. பிறகு அவன் காதோரம் குனிந்தார். "என் தங்கச்சி சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து சரியா சாப்பிடல. கத்தி என் கையில இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

அவன் யோசிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க என்கிட்ட பேசினீங்க. நான் அதை ஊருக்குப் பேசினதா எடுத்துக்கிட்டேன்."

துண்டு மடிப்பது நின்றது.

"நாள் முழுக்க அடுத்தவங்க பேசறதைக் கேட்கறதுதான் என் வேலை. யார் யார்கிட்டயோ சொல்றதை எழுதிக்குவேன். எனக்குன்னு ஒரு பேச்சு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு... வந்தா எப்படி இருக்கும்ங்கறதே மறந்துபோச்சு. தப்பு என்மேலதான். ஆனா அது வேணும்னு செஞ்ச தப்பு இல்ல."

"அச்சுக்கு அனுப்பிட்டீங்களா?" அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்ல. எடுத்துட்டேன்."

"ஏன், நல்லா இல்லையா?"

"எங்க இழுப்பறையில நாப்பதாயிரம் அட்டை இருக்கு. அதுலயே நல்லது அதுதான். அதனாலதான் தர மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் கத்தியை மடித்து வைத்தார். "தபால்காரரே, வாங்க, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."

"எனக்கு இன்னும் சவரமே..."

"தாடி எங்கயும் ஓடிடாது, வாங்க."

கதவு மூடியது. அவள் நடந்து வந்து அவனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றாள். நான்கு சனிக்கிழமையும் கண்ணாடி வழியாகப் பார்த்த முகம் இப்போது நேரில் இருந்தது. இடப்பக்கம் என்று அவன் நினைத்திருந்த மச்சம் வலப்பக்கம் இருந்தது. கண்ணில் தூங்காத சிவப்பு. அவன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னதையே பத்திப் பேசறீங்க" என்றாள். "உங்களுக்கு என்னன்னு இன்னும் சொல்லல."

ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருள் எழுதியவன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முடி வெட்ட இல்லன்னாலும் வரணும்போல இருக்கு... தினமும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்தத் துணியை அவிழ்த்து விடுங்களேன். கையை எடுக்க முடியல" என்றான்.

அவள் முடிச்சின் மேல் கையை வைத்தாள். அவிழ்க்கவில்லை.

"இருக்கட்டும். எனக்கு இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு... அப்படியே உட்கார்ந்து கேளுங்க."