பெரட்டில் ஒரு குரல் கூடுதல்

ரைட்டர் வைகுண்டராஜன் வாசித்தது நாற்பத்தொரு பேர். ஆனால் ‘உண்டு’ என்று கேட்டது நாற்பத்திரண்டு தடவை. இஸ்ரவேல் எண்ணிக்கொண்டே நின்றிருந்தான்.

எஸ்டேட்டில் இப்போது எல்லாரும் எண்ணத்தான் செய்தார்கள். கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டு, ஐப்பசி மாசம். அருமனைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் சித்திரையில் நூற்றிருபது பால் வெட்டுக்காரர்கள் இருந்தார்கள். ரப்பருக்கு விலை போனபின் துரை ஆள் குறைக்கத் தொடங்கினார். விடியலில் எல்லாரும் வரிசையாக நிற்க, ரைட்டர் பேர் வாசிப்பதற்குப் பெரட்டு என்று பேர். அதில் வாசிக்கப்படாதவன் சாயங்காலத்துக்குள் லயத்தில் குடியிருக்கும் முறியைக் காலி பண்ண வேண்டும்.

ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையிலிருந்து வரும் விறகுப்புகையும், புளித்த ரப்பர்ப் பாலின் நாற்றமும், நனைந்த சாக்குகளின் வாடையும் மூடுபனிக்குள் கலந்து மூக்கில் அப்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கூடுதலாக வந்த குரலுக்கு யாரும் திரும்பவில்லை. ரைட்டர் விளக்கைத் தாழ்த்திப் புத்தகத்தை மூடினார். இஸ்ரவேலுக்கு மட்டும் இடது கை குளிர்ந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஒருமாசமாக யாரும் அதில் நகர்ந்து நிற்கவில்லை.

அது சிலுவைமுத்து நின்ற இடம்.

முந்தியெல்லாம் ஒருத்தன் பிந்தினால் பக்கத்தில் நிற்பவன் அவனுக்கும் சேர்த்து ‘உண்டு’ சொல்லுவான். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கினால் போதும். ரைட்டருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே புள்ளி வைப்பார். இஸ்ரவேலின் அப்பன் செத்தபோது மூன்று நாளும் சிலுவைமுத்துதான் அவனுக்காகச் சொன்னான். ஆவணியில் சட்டம் மாறியது. ஒரு பெரட்டு தவறினால் பேர் வெட்டு. அடுத்தவனுக்காகச் சொன்னால் சொன்னவனுக்கும் வெட்டு. அதற்குப்பின் வரிசையில் பேச்சு நின்றது. யார் யாரைப் பற்றிப் போய்ச் சொல்வானோ என்று கஞ்சியைக்கூட முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார்கள்.

சிலுவைமுத்து குளச்சல்காரன், கடலை விட்டு மலைக்கு வந்தவன். அவன் பெஞ்சாதி நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புரட்டாசியில் அவளைப் பார்க்கப் போகும்போது அவன் சொன்னான்: “நாளைக்கி நான் பிந்தினா எனக்க பேருக்கு ஒரு உண்டு சொல்லிரு மக்கா.”

இஸ்ரவேல் தலையாட்டினான். மறுநாள் ரைட்டர் அந்தப் பேரை இரண்டு தடவை வாசித்தார். இஸ்ரவேல் வாய் திறக்கவில்லை. அவன் பெஞ்சாதி ஞானபாய்க்கு அப்போது எட்டாம் மாசம். முறியை விட்டு இறக்கினால் அவளை எங்கே கொண்டு கிடத்துவது?

வெயில் ஏறும்போது சிலுவைமுத்து ஓடி வந்தான். இஸ்ரவேலின் முகத்தைப் பார்த்து “செரி மக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினான். மூன்றாம் நாள் ஆற்றில், பாறை இடுக்கில், குப்புறக் கிடந்தான். அவன் பால் வெட்டிய மரங்களை ரைட்டர் இஸ்ரவேலின் தலையில் கட்டினார்.

கூடுதல் குரல் கேட்ட அன்றைக்கு இஸ்ரவேல் அந்த மரங்களுக்குப் போனபோது, அவை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன. அடியில் கிடந்த பட்டைச் சீவல் காகிதம் போல மெல்லிசாக இருந்தது. அப்படிச் சீவ எஸ்டேட்டில் ஒரு கைதான் இருந்தது. சிரட்டைகள் நிறைந்து தளும்பின. தூரில் ஈரக் கால்தடம். ஆற்று மணல்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. பாலை வாளியில் ஊற்றிக்கொண்டான். மறுநாளும் ஊற்றினான். அடுத்த நாளும். பால் அளக்கும் அளவுபுரையில் ரைட்டர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

“இஸ்ரவேலு, இன்னும் பத்துப் பேரு போவணுமாம். உம்ம பேரு பொஸ்தகத்துல இருக்கும். துரை கேட்டாரு, யாரு இவன் ரெண்டாளு பாலு கொண்டு வாறான்னு.”

வாரத்தின் கடைசியில் ஞானபாய்க்கு நோவு கண்டது. சாயங்காலம் இஸ்ரவேல், பெரட்டில் வலது பக்கம் நிற்கும் ரசலையனிடம் போய், விடியக்காலம் தனக்கு ஒரு ‘உண்டு’ சொல்லமுடியுமா என்று கேட்டான். ரசலையன் சகதியைக் காலால் கிளறினான்.

“எனக்கும் மூணு பிள்ளை கெடக்கு டே” என்றான்.

விடியலில் பேற்றுக்காரி சொர்ணம்மாள் வெந்நீர் கேட்டாள். அடுப்பு நனைந்திருந்தது. ஊதி ஊதிப் பற்றவைத்து நிமிர்ந்தபோது பெரட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. அவன் முறி பெரட்டு மைதானத்துக்கு நேர் எதிரே. ஓடினான். பனிக்குள் பேர்கள் போய்க்கொண்டிருந்தன.

“இஸ்ரவேல்.”

“உண்டு.”

நெஞ்சு குளிர்ந்தது. ரசலையன் சொல்லிவிட்டான். கர்த்தரே, சொல்லிவிட்டான்.

கிட்டே போனான். ரசலையனின் வாய் இறுக மூடியிருந்தது.

அவன் பக்கத்தில், இஸ்ரவேலின் இடத்தில், ஒருத்தன் நின்றான். இஸ்ரவேலின் தலைத்துண்டு. இஸ்ரவேலின் கத்திக்கூடை. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

காலியாகக் கிடந்தது சிலுவைமுத்துவின் இடம் ஒன்றுதான். கால் தானே அங்கே போய் நின்றது. சகதி கணுக்கால்வரை ஏறியது. குளிர்.

நான் இங்கே நிக்கேன் என்று சொல்லப் பார்த்தான். நாக்கு அசையவில்லை. மரத்தின் வெட்டுவாயில் காய்ந்த பால்போல மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. ரசலையனைப் பார்த்தான். ரசலையனின் கண் அவனைக் கடந்து மரங்களைப் பார்த்தது.

லயத்திலிருந்து பிள்ளை அழும் சத்தம் வந்தது.

ரைட்டர் சிரித்தார். இரண்டு மாசத்துக்குப்பின் அவர் சிரிப்பதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். “போயி பாத்துட்டு வாரும் இஸ்ரவேலு. உமக்கில்லாத்த சலுகையா?”

தலைத்துண்டு போட்டவன் திரும்பினான். ஒரு தடவை இடது பக்கம் பார்த்தான்.

“செரி மக்கா” என்றான்.

நடந்தான். வரிசை கலைந்தது. இஸ்ரவேல் காலை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான்.

எதிரே முறிக்கதவு திறந்தது. சொர்ணம்மாள் துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டினாள். உள்ளிருந்து ஞானபாயின் குரல் கேட்டது, களைத்து, சந்தோஷமாக.

“வந்தியளா.”

அந்தக் கைகள் பிள்ளையை வாங்கிக்கொண்டன. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிள்ளையின் நெற்றியில். ஒவ்வொரு சொட்டாக.