சுருண்டு கிடந்தவள்

அடுப்பங்கரை மண்தரையில் விரல் தடிமனுக்கு ஒரு கோடு மேடிட்டிருந்தது. காலையில்தான் அதிம் அதை மிதித்துச் சமன்செய்திருந்தாள். மதியம், தகரக் கூரையில் மழை கொட்டி வீடே இருட்டிக் கிடந்தபோது, அது மறுபடி எழும்பி அறைவாசலைத் தொட்டிருந்தது. எங்கும் அழுகிய இலையின் வாடை.

எலிக்குஞ்சு தின்ன வளைக்குள் புகுந்த பாம்பாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மரவள்ளித் தோட்டத்தில் அவள் மண்வெட்டியில் எத்தனையோ முறை புரண்ட பாம்புதான். மொட்டை வால், பார்க்கத் தலை போலவே இருக்கும். தொட்டால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாய்ச் சுருளும். வாலை மட்டும் தூக்கிக் காட்டும். விஷம் கிடையாது. கடிக்கவும் செய்யாது.

அவ்வளவும் தெரிந்தே, மூன்று வாரத்துக்கு முன் ஊரைக் கூட்டினாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோப்பில் பாதி நாத்தனார் இக்வோவுக்கு என்று மாமனார் சொல்லிவிட்டுச் செத்துப்போயிருந்தார். இக்வோவின் கூடைக்கடியில் அதே மாதிரிப் பாம்பு ஒன்று கிடந்தது. இரண்டு தலை, இவள் வளர்த்து ஏவுகிற சூனியம் என்றாள் அதிம். ஊர் நம்பியது.

காட்டுப்பக்கம் விரட்டியபோது இக்வோ ஒருமுறை நின்று திரும்பினாள்.

"அண்ணி, அது ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"



நாலாம் நாள், மழையில் ஊறிய சருகுக்குள் இக்வோவின் உடலைக் கண்டெடுத்தார்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்து, உருண்டையாக. அதிமின் கணவன் எஃபியோம்தான் தங்கையைப் புதைத்தான். அன்றிரவு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"நேரா படுக்கவைக்க முடியல."

அதன்பின் அவன் அவளிடம் பேசுவதில்லை. இப்போதும் எண்ணெய் ஆலையில் இருந்தான்.

தரைக்குள் ஏதோ உராய்ந்தது. அவசரமில்லாத சத்தம். கோடு வாசலைத் தாண்டிப் பாயருகே போய் நின்றது. அங்கே மண் வீங்கியது. கையகலம். பிறகு கூடையகலம்.

பாம்பு இவ்வளவு பெரிதில்லை.

மண்வெட்டியை எடுத்தாள். கொத்தினாள். மண் பிளந்தது.

பழுப்பாய் ஒரு உருண்டை. மேலே முதுகெலும்பின் முடிச்சுகள். ஈரம்.

உருண்டையின் ஓரத்திலிருந்து ஏதோ மெல்ல எழுந்தது. மூடிய கைமுட்டி. 'இதை அடி' என்று பாம்பு வாலைக் காட்டுவதுபோல அவள் முகத்துக்கு நேரே அசைந்தது.

அதிமின் கண் அதைவிட்டு அகலவில்லை.

கீழே, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து, தலை திரும்பிக்கொண்டிருந்தது.