முப்பத்தேழு படங்களில் ஒரு குடை

"அது என் கேமராங்க" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல உயரம். தொப்பலாக நனைந்த சட்டை. மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளி... அதற்குப் பின்னால் கண் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தியின் பிழைப்பே போய்க்கொண்டிருக்கிறது, இந்த நெட்டைக்கொக்குக்கு இப்போதுதான் கேமரா யாருடையது என்ற விசாரணை.

பெண்கள் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புகைப்படக்காரர்களுக்காகப் போட்ட கூடாரத்துக்குள் நின்று, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு படம். முப்பத்தேழிலும் ஓடியவர்கள் நீரில் விழுந்த சாயம் மாதிரி கலங்கிக் கிடந்தார்கள். பின்னால் நின்ற நடுவரின் குடை மட்டும் அத்தனை தெளிவு... கம்பியை எண்ணலாம்.

போட்டிக்குக் கொஞ்சம் முன்னால்தான் பத்திரிகையின் படப்பிரிவு ஆசிரியர் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். போன மாதம் இரண்டு ஆட்டம் சொதப்பல். இன்றைக்கும் படம் கலங்கி வந்தால் நாளையிலிருந்து மைதானம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆறு வருடம் கல்யாண மேடைகளில் நின்று, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மைதானம் அது. அழுதுகொண்டே பேசினாள். பேசுவதற்காகக் கேமராவை மேசையில் வைத்தாள். ஓட்டத்துக்கு அறிவிப்பு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறுப்பு மழையுறை போட்ட கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதே மேசையில் அதே கறுப்பு உறை போட்ட இன்னொன்றும் இருந்தது என்பது யாருக்குத் தெரியும்?

அவன் உறையை விலக்கிக் காட்டினான். அடியில் வேறொரு பத்திரிகையின் பெயர் ஒட்டியிருந்தது. அவன் கையில் இருந்தது அவளுடையது.

"இதுல ஷட்டரை அழுத்தினா ஃபோகஸ் ஆகாதா?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆகாதுங்க. பின்னாடி கட்டைவிரல் பட்டன்லதான் ஃபோகஸ். ஷட்டர் படம் எடுக்க மட்டும்தான்."

"எந்த மனுஷன் இப்படி வெப்பான்?"

"ஓடுறவங்களை எடுக்கிறவங்க நிறையப் பேர் இப்படித்தான்..."

"நான் அந்த நிறையப் பேர்ல இல்ல."

கண்ணை வைத்தபோதே மங்கலாகத்தான் இருந்தது, அழுத கண்ணென்று நினைத்துவிட்டேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையிலேயே துடைத்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய, களைத்த கண்கள்... விடாமல் பெய்யும் மழைக்கு நடுவே கொஞ்சம் வெளுத்த வானம் தெரியுமே, அப்படி. அவை அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தன. சே, இந்த நேரத்தில் இது எதற்கு என்று மனதை அதட்டினாள்.

பிறகு அவன் எடுத்த படத்தைக் காட்டினான்.

கடைசித் தடையில் கால் இடறி விழுந்த பெண், ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தடத்தில் ஜெயிக்கப் போகிறவள் வெறும் வண்ணக் கீற்றாகக் குறுக்கே போயிருந்தாள். விழுந்தவளின் முகம் மட்டும் துல்லியம். கன்னத்து மண், கடித்த உதடு, இமையில் நின்ற துளி.

"குறுக்கே யார் வந்தாலும் பிடிச்ச ஆளை விடாதேன்னு செட் பண்ணி வெச்சிருக்கீங்க. நான் முன்னாடி வர்ற ஆள் மேல சட்டுனு தாவுற மாதிரி வெப்பேன். என் கேமராவா இருந்தா ஜெயிச்சவ மேல போயிருக்கும். இது உங்க படம்" என்றான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான். அந்தப் படத்தை அனுப்பினால் மைதானம் மிஞ்சும். ஆசிரியர் வாயடைத்துப் போவார். ஆனால் அந்த நொடியில் விரலை அழுத்தியது இவன். இரக்கப்பட்டு ஒருத்தன் போடுவதை வாங்கிக்கொண்டு, அதற்குக் கீழே தன் பெயரைப் பார்க்க வேண்டுமா?

கேமராவை மாற்றிக்கொண்டதும், முப்பத்தேழு படம் இருந்த அவன் மெமரி கார்டைத் தான் எடுத்துக்கொண்டு, தன்னுடையதை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "விரல் உங்களுது. நீங்களே போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தாள்.

ஆசிரியர் குடையை ரசிக்கவில்லை. மறுநாள் அவளைக் கீழ்த்தளத்தில் உள்ள பழைய பிரதிகளின் அறைக்கு அனுப்பினார். ஜன்னல் இல்லாத அறை. எல்லாப் பத்திரிகைகளையும் தேதிவாரியாகக் கட்டி அடுக்க வேண்டும், படங்களுக்கு எண் போட வேண்டும். மேலே அவளுடைய நீண்ட லென்ஸ் புதிதாக வந்த ஒருவன் தோளில் தொங்கியது. வீட்டில் அக்கா அதிகம் பேசவில்லை. தெருமுனை ஸ்டூடியோவில் அத்தான் ஓர் இடம் பார்த்திருக்கிறார், பாஸ்போர்ட் படம்தான், உட்கார்ந்த ஆளை எடுக்கலாம், யாரும் ஓட மாட்டார்கள் என்றாள். அக்கா கேலி செய்யவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னாள். அதனால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அன்று மாலையே நெட்டைக்கொக்கு அவள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றான். கார்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அடுத்த நாளும் நின்றான். அதற்கு அடுத்த நாளும்... நான்காம் நாள், வேலைவெட்டி இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் மனசு ஓடவில்லை என்றான். ஆறாம் நாள் இருவருக்கும் சண்டை. கால்பந்தில் எத்தனை ஃபோகஸ் புள்ளி வைக்க வேண்டும் என்று.

"ஒரே புள்ளி வெச்சா ஆள் நழுவிடுவான்" என்றான்.

"நழுவினா அது கை கோளாறு. பரப்பி வெச்சா கோல் வலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும்."

"குடையைப் பிடிச்ச மாதிரியா?"

முறைத்தாள். முறைத்த முறைப்பிலேயே சிரிப்பு வந்து தொலைத்தது. அவனும் சிரித்தான்... சிரிக்கும்போது அந்தக் கண்கள் கண்ணாடிக்குள் சுருங்கிப் போயின. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நெஞ்சுக்குள் என்னமோ இளகிக் கிடந்தது. படுபாவி, எனக்கு மைதானமே போய்விட்டது, எதை நினைத்து இந்தப் பூரிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காலையில் எழுந்ததும் அதே ஜன்னல் இல்லாத அறை.

பன்னிரண்டாம் நாள், அவனுடைய பத்திரிகையின் கட்டு அவள் மேசைக்கு வந்தது. வீம்புக்காக அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. தேதியைத் தேடி விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தாள். தடை ஓட்டத்துக்கு நான்கு வரிச் செய்தி. படம் இல்லை. முன்பக்கத்தில் இல்லை, மறுநாள் பிரதியில் இல்லை, எங்கேயும் இல்லை.

மாலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் போகாததுமாகப் பிடித்துக்கொண்டாள். நான்தான் போட்டுக்கொள்ளச் சொன்னேனே, ஏன் போடவில்லை, விழுந்து எழுந்த அந்தப் பெண்ணை ஊரில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையே என்று கேட்டாள். படம் அமையவில்லை என்று சொல்லிவிட்டதாகவும் அதற்காகத் தன் அலுவலகத்தில் திட்டு வாங்கியதாகவும் முணுமுணுத்தான். பெரிய தியாகி என்றாள் அவள்.

"தியாகம் இல்லைங்க." மழை தூற ஆரம்பித்திருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். "படம் எடுக்கறப்போ நான் கண்ணாடியைக் கழட்டிடுவேன். கண் வெச்சுப் பார்க்கிற வியூஃபைண்டரை என் பவருக்கு ஏத்த மாதிரி திருகி வெச்சிருப்பேன். அன்னைக்குக் கண்ணை வெச்ச உடனே மங்கல். எனக்கு அப்பவே தெரிஞ்சுது, இது என்னோடது இல்லைன்னு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"எதிர்ல நீங்க நின்னீங்க, என் கேமராவோட. கூப்பிட்டா கேட்கிற தூரம். அது உங்க விரலுக்கு ஃபோகஸ் ஆகாதுன்னும் தெரியும். ஆனா ஓடறவங்க தொடக்கக் கோட்டுல குனிஞ்சுட்டாங்க... மாத்திக்கிட்டா என் படம் போயிடும். வாயைத் திறக்கல. மங்கல்லயே அழுத்தினேன், உங்க கேமரா பார்த்துக்கிச்சு. தினமும் இதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும்... சொல்லிட்டா நாளைக்குப் பார்க்க முடியாதேன்னு சொல்லாமலே போனேன். உங்களை அவ்வளவு பிடிச்சுப் போச்சு."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவ்வளவு அழுகையும் அவ்வளவு அவமானமும், இவன் ஒரு குரல் கொடுத்திருந்தால் இல்லை. தன்னுடைய அசட்டுத்தனம் என்று பன்னிரண்டு நாள் தன்னையே வைதுகொண்டிருந்தாளே. அறைந்துவிடலாமா என்று இருந்தது. போய்விடலாமா என்றும் இருந்தது. கால் நகரவில்லை.

நாளைக்கே உங்கள் ஆசிரியரிடம் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றான்.

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும். ஆனா என் இடத்துக்கு ஆள் போட்டாச்சு. எனக்கு மைதானம் திரும்பக் கிடைக்காது. அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும் என்பதுபோல் தலையசைத்தான். நனைந்த கண்ணாடியைத் துடைக்கக்கூடக் கை தூக்கவில்லை. திரும்பி இரண்டடி நடந்தான்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றான். தன் கன்னத்தில் வழிவது மழையா என்னவென்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டாள்.

"என்னால உங்களை மன்னிக்க முடியல. முடியுமான்னும் தெரியல." குரல் உடைந்தது. "ஆனா நாளைக்கு சாயங்காலம் நீங்க இங்க இல்லைன்னா... அதையும் என்னால தாங்க முடியாது."